அத்தை வரலையாமுங்க

ஆறுமுகசாமி லீவு முடிந்து கனடாவுக்குக் கிளம்பியபோது மயிலாத்தாளின் தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட வெளுத்திருக்கவில்லை. பெண் பார்த்தது, வெற்றிலை மாற்றியது, தாலி கட்டியது எல்லாம் அவனுடைய ஒரு மாத லீவுக்குள்ளேயே நடந்து முடிந்தன. அது எழுபத்து நாலாம் வருடம், தை மாதம்.

"புது ஊடு ஒண்ணு பாத்துட்டு உனக்கு ஸ்பான்சர் போடறேன். அங்க குடியிருக்கறவன் பொண்டாட்டியக் கூப்பிட்டுக்கலாம், சட்டத்துலயே இடமிருக்குது. அதுவரைக்கும் அம்மாகூட இரு" என்று சொல்லிவிட்டு அவன் கோயம்புத்தூரில் ரயில் ஏறினான்.

அம்மா என்றால் நாச்சம்மாள். கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறையிலிருந்து எருத்தேன்பதி போகிற வழியில், கரிசல் பூமியில் அவளுக்குத் தோட்டமும் தோட்டத்துக்குள்ளேயே வீடும் இருந்தன. புருஷன் செத்தபோது ஆறுமுகசாமிக்குப் பால்பல்கூட விழவில்லை. தம்பி பொங்கியண்ணன், "பூமியக் குத்தகைக்குக் குடுத்துப்போட்டு நீ கம்முனு உக்காந்துக்கக்கா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். அவள் உட்காரவில்லை. தானே மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தாள். பிற்பாடு கரண்டு வந்து மோட்டார் வைத்தாள். கடலைக்காயும் சோளமும் போட்டு, மகனைக் கோயம்புத்தூரில் எஞ்சினீயருக்குப் படிக்க வைத்தாள். அவன் கனடாவில் ஹாமில்டன் என்கிற ஊரில் இரும்பாலை வேலைக்குப் போகிறேன் என்றபோது ஊரே அவளைப் பாவம் என்று பார்த்தது. அவளோ, "போற புள்ளையக் கால்ல கயிறு போட்டா கட்ட முடியும்?" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டாள்.

அப்பேர்ப்பட்டவளோடு தனியாக இருப்பது மயிலாத்தாளுக்குச் சுலபமாக இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் பெரிய குடும்பத்தில், அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று பேச்சும் சிரிப்புமாக வளர்ந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இங்கே கோழி கூவுவதற்கு முன்னால் மாமியார் எழுந்துவிடுவாள். எழுந்ததும் யாரையும் கூப்பிட மாட்டாள்; பாத்திரங்களைத்தான் உருட்டுவாள். அந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்காவிட்டால் அன்று முழுக்க முகம் சரியிருக்காது. மயிலாத்தாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏ புள்ளே" தான். அது வேலைக்கு வருகிற பெண்களைக் கூப்பிடுகிற அதே "ஏ புள்ளே."

மயிலாத்தாள் தாக்குப்பிடித்ததெல்லாம் கனடாவை நினைத்துத்தான். புருஷன் அனுப்பிய போட்டோவில் பனியும் ஒரு செங்கல் வீடும் இருந்தன. அந்த வீட்டின் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சமையல்கட்டை அவளாகவே மனசுக்குள் கட்டிவைத்திருந்தாள். அதில் அவள் நினைத்தபோது எழுந்திருப்பாள். அவள் வைத்ததுதான் குழம்பு. யாரும் பாத்திரத்தை உருட்ட மாட்டார்கள்.

ஆடி மாதம் ஆறுமுகசாமி போன் செய்வதாக எழுதியிருந்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் போன் இருந்தது சென்னியப்பனின் ரைஸ் மில்லில்தான். அவர் தூரத்து உறவு, நல்ல மனிதர். போன் வரும் என்று சொல்லியிருந்த காலையில் மாமியாரும் மருமகளும் குளித்து முழுகிக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி கிளம்பிப் போனார்கள்.

போகும் வழியெல்லாம் முதல் நாள் நடந்தது மயிலாத்தாளின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. எருமையைக் கட்டுத்தரையில் அவள் கட்டிய கட்டு சரியாக விழாமல், அது அவிழ்த்துக்கொண்டு போய்க் கடலைக்காட்டில் இறங்கிவிட்டது. களை எடுக்க வந்த பெண்கள் எல்லார் முன்னாலும் நாச்சம்மாள், "உங்கூட்டுல மாடு கட்டக்கூடச் சொல்லிக்குடுக்காமயா தள்ளி உட்டாங்க?" என்று கேட்டாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் திட்டியதைவிட அந்தச் சிரிப்புத்தான் இவளுக்குத் தாங்கவில்லை.

மில்லில் நாச்சம்மாள் வாசல் பெஞ்சியிலேயே உட்கார்ந்துகொண்டாள். போனுக்குப் பக்கத்தில் வர மாட்டாள். முன்பு ஒருமுறை அவன் போன் செய்தபோது வாங்கிக் காதில் வைத்தாள். இரைச்சலும், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரலும் கேட்டது. "அது என்ற மவன் சத்தமே இல்ல. எனக்கு அந்தக் கருமம் வேண்டாம்" என்று அழுதுவிட்டாள்.

மணி அடித்ததும் சென்னியப்பன் மில்லை நிறுத்தச் சொன்னார். அரவைச் சத்தம் அடங்கியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பெண் குரல், "கானடா கால். சம்சாரிச்சோளூ" என்று மலையாளத்தில் பேசச் சொன்னது. பிறகு ஆறுமுகசாமி வந்தான்.

நலம் விசாரித்துவிட்டு அவன் அவசரமாகச் சொன்னான்: "மயிலு, நாளைக்கு இமிக்ரேசன் ஆபீசுக்குப் போறேன். உனக்குப் பேப்பர் போட. இங்க ஒருத்தன் சொன்னான், புருசன் இல்லாத அம்மாவையும் சேத்து ஸ்பான்சர் பண்ணலாமாம். அம்மா வருமான்னு கேட்டுச் சொல்லு. வரும்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போட்டர்றேன்."

மயிலாத்தாள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் பெஞ்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டால் ஆயிற்று. பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் அந்தச் செங்கல் வீடும், அதற்குள் அவள் கட்டிவைத்திருந்த சமையல்கட்டும், அதில் விடிவதற்கு முன்னாலேயே உருளுகிற பாத்திரங்களும் அவள் கண் முன்னால் வந்து நின்றன.

"அத்தை வரலையாமுங்க" என்றாள்.

"கேட்டியா?"

"முன்னாலயே பேச்சு வந்துச்சுங்க. தோட்டத்தையும் மாட்டையும் உட்டுப்போட்டு எங்கயும் வரமாட்டேன்னு சொன்னாங்க."

"அதானே" என்றான் அவன். "நான் நெனச்சேன். சரி, உனக்கு மட்டும் போட்டர்றேன்."

லைன் அறுந்தது. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தபோது நாச்சம்மாள் எழுந்து நின்றாள்.

"என்ன சொன்னான்?"

"நாளைக்குப் பேப்பர் போடறாருங்களாமா."

"செரி. அப்பறம்?"

"உங்களச் சௌக்கியமான்னு கேட்டாருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

நாச்சம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். சென்னியப்பன் மறுபடியும் மில்லை ஓட்டினார். வீடு வந்து சேரும்வரை மயிலாத்தாள் மாமியாருக்குப் பின்னாலேயே நடந்தாள். பக்கத்தில் போனால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அடுத்து வருகிற கடிதத்தில் இதைப்பற்றி ஏதாவது இருக்குமோ என்றும் பயந்தாள். எழுத்துத் தெரியாத மாமியாருக்குக் கடிதத்தை வாசிப்பவள் இவள்தான். அப்படி ஏதாவது இருந்தால் அதைத் தாண்டித்தான் வாசிக்க வேண்டும். ஆனால் அவன் எழுதவில்லை. அதற்கு அடுத்த கடிதத்திலும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

தப்பிக்கவில்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. பேப்பர் போட்டாகிவிட்டது, இவள் போகப் போகிறவள் என்று ஆனதும் நாச்சம்மாள் மாறிவிட்டாள். பாத்திரம் உருளுவது நின்றது. "ஏ புள்ளே" எப்போது "கண்ணு" ஆனது என்று மயிலாத்தாளுக்கே தெரியவில்லை. எருமைப் பாலை விற்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் எடுத்துவைத்து, "குடிச்சுப்போட்டுப் போ கண்ணு, அங்க எந்த மாட்டுப் பாலோ" என்பாள். இவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக் குடிப்பாள். மாமியார் பழைய மாதிரியே கடுகடுவென்று இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். செய்ததற்கு ஒரு நியாயமாவது மிஞ்சியிருக்கும்.

பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். மலையாளி. வாசலில் கட்டில் போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் நாச்சம்மாளைப் பார்த்து, அம்மாவும் கூடப் போகிறாளா என்று அவர் பாஷையில் சும்மா கேட்டுவைத்தார்.

"என்னெ ஆரு விளிச்சு?" என்றாள் நாச்சம்மாள். என்னை யார் கூப்பிட்டார்கள் என்று மலையாளத்திலேயே கேட்டுவிட்டுச் சிரித்தாள். போலீஸ்காரரும் சிரித்தார். மயிலாத்தாள் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

அடுத்த மாசி மாதம் மருத்துவப் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போகச் சொல்லித் தகவல் வந்தது. நாச்சம்மாள்தான் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். ரத்தம் எடுத்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க உள்ளே அனுப்பினார்கள். எடுத்து முடித்துப் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது மாமியார் நாற்காலியில் இல்லை. சற்றுத் தள்ளி, சீட்டு எழுதுகிற நர்ஸிடம் நின்றுகொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. இவள் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"ஏஞ்சாமி, என்னயாட்ட வயசானவியளும் இதுக்கு வர்றாங்களா?"

"வருவாங்கம்மா. மகன் கூப்பிட்டா வருவாங்க. போன வாரம்கூட ஒரு பாட்டி வந்துட்டுப் போனாங்க."

"அவியளுக்கும் இதே மிசின்தானா?"

"இதேதான்."

"வலிக்குமா?"

"வலிக்காதும்மா. மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கணும், அவ்வளவுதான்."

"அது நிப்பேன்" என்றாள் நாச்சம்மாள். சொல்லிவிட்டு, தப்பாக ஏதோ சொல்லிவிட்டவள் போலச் சுற்றும் முற்றும் பார்த்தாள். மயிலாத்தாள் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் இருப்பதெல்லாம் தெரியும் என்று உள்ளே சொல்லியிருந்தார்கள்.

திரும்பும்போது வேலந்தாவளம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செக்போஸ்ட் தாண்டிக் காற்று பலமாக அடித்தது. நாச்சம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரிடமோ பேசுவது போல வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"நான் போறவ இல்லை கண்ணு. அங்க போயி என்ன பண்ணப்போறேன், பேச்சும் தெரியாம, குளுருல கெடந்துக்கிட்டு. அவன் கேட்டிருந்தாலும் வரலேன்னுதான் சொல்லியிருப்பேன்." முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? ‘நீயும் வர்றயாம்மா’ன்னு. வாய்வார்த்தையாவாச்சும்."

தான் பறித்துக்கொண்டது கனடாவை அல்ல என்பது மயிலாத்தாளுக்கு அந்தப் பஸ்ஸில்தான் உறைத்தது. கனடா இந்த அம்மாளுக்கு வேண்டியே இருக்கவில்லை. மகன் கேட்டான் என்கிற ஒன்று வேண்டியிருந்தது. அவன் கேட்கத்தான் செய்தான். பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் அது போய்ச் சேராமல் இவள் நடுவில் நின்று வாங்கி விழுங்கிவிட்டாள்.

மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் மறுபடியும் போன் செய்வதாக அவன் சொல்லியிருந்தான். அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று மயிலாத்தாள் முடிவு செய்தாள். அவன் திட்டட்டும். கனடா வேண்டாம், அங்கேயே கிட என்றாலும் சொல்லட்டும். மாமியாரை இன்னொரு தடவை அந்த முகத்தோடு பார்க்க அவளால் முடியாது.

போன் வந்தது. சென்னியப்பன் மில்லை நிறுத்தினார். நாச்சம்மாள் வாசலில் அதே பெஞ்சியில் உட்கார்ந்தாள். மயிலாத்தாள் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, மெல்லிய குரலில், அவன் நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே கொட்டிவிட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு அத்தைய நான் கேக்கவே இல்லீங்க. அவிய வரமாட்டேன்னு சொல்லவும் இல்லை. நானாத்தான் சொல்லிப்போட்டேன். பொய்யுங்க."

அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

"கேக்குதுங்களா?"

"கேக்குது."

"இப்ப அத்தை இங்கதான் இருக்காங்க. நீங்களே கேளுங்க. நான் கூப்புடறேன்."

"இரு இரு, கூப்புடாத." அவன் குரல் தணிந்தது. "மயிலு, போச்சாது உடு. நடந்தது நடந்துபோச்சு. உனக்கு எல்லாம் முடியப்போற நேரத்துல இப்ப எதுக்கு அதைக் கெளப்பறே? அம்மாவுக்கு இங்க ஒத்துக்காது. ஊடும் சின்னது. மொதல்ல நீ வந்து சேரு."

"நீங்கதானுங்களே கேக்கச் சொன்னீங்க?"

"கேக்கோணுமில்ல, பெத்தவளாச்சே" என்றான். பிறகு, "வரமாட்டேன்னு சொல்லிரும்னு தெரிஞ்சுதான் கேட்டேன்" என்றான்.

அவன் வேறு ஏதேதோ சொன்னான். கம்பளிக் கோட்டு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றான், பம்பாயில் விமானம் மாற வேண்டும் என்றான். நேரம் முடிந்துவிட்டது என்று எக்ஸ்சேஞ்சுக்காரி குறுக்கே வந்தாள்.

ரிசீவரை வைத்துவிட்டு மயிலாத்தாள் அங்கேயே நின்றாள். தனக்கு இருந்தது போன்ற ஆசைதான் அவனுக்கும் இருந்திருக்கிறது. அவன் கேட்கச் சொன்னதும், இவள் கேட்காமல் விட்டதும் ஒரே எண்ணத்தின் இரண்டு முனைகள். அதனால் தன் தப்பில் பாதி குறைந்துவிட்டதா என்று பார்த்தாள். குறையவில்லை. வாசலில் இருப்பவளுக்கு இப்போது மகனும் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

"என்ன கண்ணு, மொகம் இப்படியிருக்குது? கெட்ட சேதியா?" நாச்சம்மாள் எழுந்து வந்துவிட்டாள்.

"இல்லீங்க அத்தை" என்றாள் மயிலாத்தாள். "உங்களையும் வரச் சொல்றாருங்க."

"என்னயா?"

"ஆமாங்க. ஸ்பான்சர் போடறேன், அம்மாவைக் கேளுன்னாருங்க."

நாச்சம்மாள் பெஞ்சியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிக் கேட்டான்? அவன் சொன்னாப்பலயே சொல்லு பாக்கலாம்."

சொல்லாத பேச்சை அவன் குரலில் சொல்ல வேண்டியிருந்தது. "‘அம்மா இல்லாம இங்க ஊடு ஊடாட்டவே இல்லை மயிலு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு. வந்தே ஆகோணும்னு சொல்லு’ன்னாருங்க."

நாச்சம்மாள் சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பைத்தியக்காரன். எருமையையும் கன்னையும் எந்தலையில கட்டிக்கிட்டா வர்றது? கேட்டயா சென்னியப்பா, என்ற மவன் என்னயக் கனடாவுக்கு வரச் சொல்றான்!"

"போய்ட்டு வாங்கக்கா, ஒருக்காப் பாத்துட்டு வாங்க" என்றார் சென்னியப்பன் உள்ளிருந்து.

"அட நீ ஒருத்தன். நான் எங்க போறது?"

அன்றிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. பொங்கியண்ணனிடம் சொன்னாள். களை எடுக்க வருகிற பெண்களிடம் சொன்னாள். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வெங்காயம் விற்கிறவளிடமும் சொன்னாள். "மவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கறான். நாந்தான் வரமாட்டேன்னுட்டேன்." ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவன் கூப்பிட்டது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போனது. பக்கத்தில் நின்று கேட்கிற மயிலாத்தாள் ஒரு பொய்யால் பிடுங்கியதை இன்னொரு பொய்யால் திருப்பிக் கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. "கனடா நெனப்புல உருகிப்போறா" என்று ஊர்ப் பெண்கள் கேலி செய்தார்கள்.

விசா வந்தது. வைகாசியில் பயணம். பம்பாய் வரை கூடப் போவதற்கு மயிலாத்தாளின் அப்பா வந்திருந்தார். கோயம்புத்தூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப நாச்சம்மாளும் வந்தாள். அரிசிமாவு, வடாம், வறுத்த கடலை என்று ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரயில் வந்து நின்றது. அப்பா உள்ளே பெட்டியை வைக்கப் போனார். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்ற நாச்சம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, அவன்கிட்டச் சொல்லிப்போடு. இந்தத் தடவை கடலைக்காய் எடுத்துப்போட்டு, பூமியப் பொங்கியண்ணன்கிட்டக் குத்தகைக்கு உட்டுப்போட்டு வந்தர்றேன்னு."

மயிலாத்தாளுக்கு முதலில் புரியவில்லை. "எங்கீங்க அத்தை?"

"எங்கயா? கனடாவுக்குத்தான். யோசிச்சுப் பாத்தேன். மவன் கூப்பிட்டு, பெத்தவ வரமாட்டேன்னு சொல்லலாமா? அவன் மனசு என்ன பாடு படும்? மறுக்கா அவனக் கேக்க வெக்கக்கூடாது. நான் வர்றேன்னு சொல்லு."

ரயில் நகர்ந்தது. நாச்சம்மாள் கையை விடாமல் நாலு எட்டு கூடவே நடந்துவிட்டு விட்டாள். "சொல்லிப்போடு கண்ணு!" என்று கத்தியது மட்டும் கேட்டது. மயிலாத்தாள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பிரிவுக்காக அழுகிறாள் என்று நினைத்து அப்பா முதுகைத் தடவிக்கொடுத்தார்.

டொரண்டோ விமான நிலையத்துக்கு ஆறுமுகசாமி வந்திருந்தான். நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கிய காரில் ஹாமில்டனுக்குக் கூட்டிப்போனான். ரோட்டையும் ஏரியையும் காட்டிக்கொண்டே வந்தான். கல்யாணமாகி ஒன்றேகால் வருடம் கழித்துப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளால் எதையும் பார்க்க முடியவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்குத் தைரியம் வராது என்று தெரிந்தது.

"அத்தை வர்றேன்னாங்க" என்றாள். "கடலைக்காய் எடுத்ததும். பேப்பர் போடுங்க."

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ கேட்டயா?" என்றான்.

"நீங்க கேட்டீங்கன்னு சொன்னேன்."

வீடு போய்ச் சேர்ந்து பெட்டியை வைத்த பிறகுதான் அவன் வெடித்தான். "நான் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா? நீ சொன்ன பொய்யிக்கு நான் பேப்பர் போடோணுமா?"

"நான் ஒருத்தி சொன்ன பொய் இல்லீங்க" என்றாள் மயிலாத்தாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "வரமாட்டாங்கன்னு நெனச்சுக் கேட்டீங்க, நீங்க. வந்துருவாங்களோன்னு பயந்து கேக்காம உட்டேன், நான். ரெண்டுல எது பெரிசுன்னு எனக்குத் தெரியலை. ஆனா அந்தம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க, என்ற மவன் கூப்பிட்டான்னு. போயி நீங்களே இல்லைன்னு சொல்லுங்க. என்னால ஆகாது."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். புது நாட்டில் முதல் சாயங்காலத்தை அவள் தனியாகக் கழித்தாள். மனசுக்குள் கட்டிவைத்திருந்த சமையல்கட்டு எதிரே நிஜமாகவே இருந்தது. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்றுகூட அவள் திறந்து பார்க்கவில்லை. பேச்சுவார்த்தையில்லாமல் சில நாட்கள் போயின. பிறகு ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது, "இன்னிக்கு ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன். அம்மாவுக்குப் போட்டாச்சு" என்று தட்டைப் பார்த்துச் சொன்னான். அவள் ரசத்தை ஊற்றினாள்.

நாச்சம்மாள் மறு வருடம் ஆவணியில் வந்து சேர்ந்தாள். எக்ஸ்ரேக்கு மூச்சை இழுத்துப் பிடித்து நின்றதை வந்த அன்றைக்கே பெருமையாகச் சொன்னாள். முதல் பனி விழுகிறவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கதவைத் திறக்க முடியாத நாட்கள் வந்தன. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்துகொண்டு, செய்ய வேலையில்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எருமைக்கு யார் தண்ணி காட்டுகிறார்களோ, பொங்கியண்ணன் மோட்டாரைப் புகைய விட்டானோ என்று ஓயாமல் கவலைப்படுவாள். உள்ளங்கையில் காய்த்திருந்த காய்ப்பெல்லாம் உரிந்து கை மெத்தென்று ஆகிவிட்டது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மயிலாத்தாளுக்கு வேறொரு உறுத்தல் வந்தது. தன் பூமியில் ராணி மாதிரி இருந்தவளை, ஆறுதலாகச் சொன்ன ஒரு பொய்யால் வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து இந்தப் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டோமே என்று இருந்தது.

மாமியார் மருமகள் சண்டைகளும் வந்தன. மயிலாத்தாள் பயந்தபடியேதான் எல்லாம் நடந்தது. குழம்பில் புளி அதிகம், பால் தண்ணி, அரிசியைக் கழுவத் தெரியவில்லை. கர்ப்பமாக இருந்த மயிலாத்தாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறுமை போய்விட்டது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "இத்தனை சிரமமா இருந்தா எதுக்குங்க அத்தை இங்க வந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாச்சம்மாள் முகம் சிவந்தது.

"நானா வந்தேன்? வரமாட்டேன்னுதான் சொன்னேன். என்ற மவன் கூப்பிட்டான், வந்தேன். இல்லைன்னா சொல்லச் சொல்லு பாக்கலாம்!"

மேஜையில் ஆறுமுகசாமி காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அம்மா இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுவது அவன் வழக்கம். வீட்டுக்கு வருகிற தமிழ்க்காரர்களிடம் அவள் இதைச் சொல்லும்போது அவன் ஷூவைத் தேடுவான், காரைப் பார்க்கப் போவான். இவளும் அவன் முகத்தைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இன்றைக்கும் டம்ளரை வைத்துவிட்டு அவன் எழுந்திருந்தான். பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பேச்சுக்குக் கேட்டவள் மாதிரி இல்லை அவள் பார்வை.

"ஆமாம்மா" என்றான் ஆறுமுகசாமி. "நாந்தான் கூப்பிட்டேன்."

"கேட்டுக்கிட்டயா?" என்றாள் நாச்சம்மாள் மருமகளிடம்.

"கேட்டுக்கிட்டேனுங்க அத்தை."

மயிலாத்தாள் குனிந்து கீழே கிடந்த கரண்டியை எடுத்தாள். அவன் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தான். அப்புறம் நாற்காலியை அம்மாவுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குத்தகைக்கு எடுத்த மாமன் இந்த வருடம் பூமியில் என்ன வெள்ளாமை வைத்திருக்கிறார் என்று விசாரிக்க ஆரம்பித்தான். நாச்சம்மாள் முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லப் பொங்கியண்ணன் மேல் இருந்த குறைகளையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். மயிலாத்தாள் குழம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் புளிப்பைக் குறைத்தாள்.